கண்டதும் கேட்டதும்: அப்துல்லா முன்சியின் தன்வரலாறும் ஜொகூர்த் தமிழரின் நினைவெழுத்தும்

முன்னுரை

தன்னைப் பற்றித் தானே எழுதுவது தமிழ் மரபில் எளிதாக ஏற்கப்பட்ட செயலன்று. எத்துணைக் கல்வி உடையவராயினும் ஒருவர் தம்மைத் தாமே புகழ்ந்துகொள்வது தகாது என்பது நன்னூலின் விதி. அவ்விதிக்கு விலக்காக நான்கு இடங்களை மட்டுமே அந்நூல் காட்டுகிறது. அரசவைக்கு ஓலை விடுக்கும்போதும், தன் ஆற்றலை அறியாதார் நடுவிலும், அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய வேளையிலும், மாற்றான் பழித்துரைத்தபோதும் ஒருவர் தம் பெருமையைத் தாமே சொல்லலாம். இவ்விதி நூற்பாயிரத்தை நோக்கி எழுந்ததேயாயினும், அதன் அடியில் உள்ள எண்ணம் நம் உரைநடை வரையிலும் தொடர்ந்து வந்துள்ளது. 'நான்' என்று தொடங்கும் பேச்சு புகழ்ச்சியாகவே முடியும் என்பதே அவ்வெண்ணம். அகத்திணைப் பாடல்களில் தலைமக்களின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்ற தொல்காப்பிய மரபும், வேறொரு காரணத்தால், தனிமனிதரின் அடையாளத்தை மறைத்தே அவர்தம் உணர்வைச் சொல்லப் பழக்கியது.

புகழ்ச்சி, மறைப்பு ஆகிய இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டா என்பதே இக்கட்டுரை எழுப்பும் வினா. உண்டு என்பதும், அதுவே தன்வரலாற்றுக்கு உரிய வழி என்பதும் இங்கே முன்வைக்கப்படும் கருத்து. தான் கண்டதற்குத் தானே சான்றாக நின்று பேசுவதே அவ்வழி. அதனை நமக்குக் கற்பிக்கத்தக்க நூல் நம் அண்டையிலேயே, மலாய் மொழியில் உள்ளது. அதனை எழுதியவர் தமிழ்க் குருதியும் தமிழ்க் கல்வியும் உடையவர். அவருடைய மகன் ஜொகூர் அரசில் உயர்பதவி வகித்துத் தாமும் பயணக் குறிப்பு எழுதியவர். இக்காரணங்களால் ஜொகூரில் தமிழ் கற்பிப்போரும் மாணவரும் 'ஹிகாயத் அப்துல்லா'வை அயல்நூலாகக் கருதி ஒதுக்கிவிட இயலாது.

ஆசிரியரும் நூலும்

அப்துல்லா பின் அப்துல் காதிர் 1796ஆம் ஆண்டளவில் மலாக்காவில் பிறந்தார். ஏமன் நாட்டிலிருந்து வந்த அரபியரான அவருடைய பாட்டனின் தந்தை, நாகூரில் தங்கித் தமிழ்ப் பெண்ணை மணந்தவர். அவருடைய புதல்வருள் ஒருவர் மலாக்காவுக்கு வந்து மணந்த பெண்ணின் பெயரை நூல் பெரி ஆச்சி என்று தருகிறது. பெரியாச்சி என்ற தமிழ்ப் பெயர் மலாய் எழுத்தினூடே நம்மை நோக்கி நிற்பதை இங்குக் காண்கிறோம்.

அக்கால மலாக்காவில் நற்குடிப் பிள்ளைகள் தமிழ் கற்பது வழக்கமாக இருந்தது என்று அப்துல்லா குறிப்பிடுகிறார். கணக்குக்கும் வணிகப் பேச்சுக்கும் தமிழ் தேவைப்பட்டது. தமிழ் வணிகர் அங்கே செல்வாக்குடன் வாழ்ந்தனர். அவரும் ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகள் தமிழ் பயின்றார். மலாக்காவில் இருந்த இந்தியச் சிப்பாய்களிடம் இந்துஸ்தானி கற்றார். அவர்களுக்குப் பாடம் சொன்னமையால் 'முன்சி' என்னும் பட்டமும் பெற்றார். பின்னர் இராஃபிள்சிடம் எழுத்தராகவும், ஐரோப்பியருக்கு மலாய் ஆசிரியராகவும், கிறித்துவச் சமயப் பணியாளரின் அச்சகங்களில் துணைவராகவும் பணிபுரிந்தார். 1854இல் மெக்காவை நோக்கிப் புறப்பட்ட பயணத்தின் இறுதியில் அரபு மண்ணில் மறைந்தார். அப்பயணத்தையும் அவர் எழுதியே சென்றார்; குமரிமுனைக் கடலில் பட்ட அச்சம் அக்குறிப்பில் பதிவாகியுள்ளது.

தன்வரலாற்றை அவர் 1840இல் எழுதத் தொடங்கி 1843இல் முடித்தார். 1849இல் அது சிங்கப்பூரில் கல்லச்சில் வெளிவந்தது. நூல் பிறந்த விதமும் நம் பொருளுக்கு இன்றியமையாதது. 1838இல் கிளந்தானுக்குச் சென்றுவந்த பயணத்தை அப்துல்லா முன்னரே எழுதியிருந்தார். அதனைக் கண்ட அமெரிக்கச் சமயப் பணியாளர் ஆல்ஃபிரட் நார்த், தம் வாழ்க்கையையும் அவ்வாறே எழுதும்படி அவரைத் தூண்டினார். மலாய் நூல்களில் வியத்தகு கதைகளே மலிந்திருந்த காலம் அது. அன்றாட வாழ்வில் தாம் கண்டவற்றை எழுதினால் போதும் என்பதே நார்த்தின் அறிவுரையின் சாரம். ஆகவே தன்வரலாறு எழுதுதல் அப்துல்லாவுக்கு இயல்பாக வாய்த்த கலையன்று. நாற்பது வயதைக் கடந்தபின் கற்றுக்கொண்ட கலை. முதலில் ஒரு பயணத்தை எழுதிப் பழகி, பின்னரே வாழ்க்கையை எழுதத் துணிந்தார். கற்பிப்போர் இவ்வரிசையை மனங்கொள்ள வேண்டும்.

'ஹிகாயத்' என்னும் சொல் மலாய் மரபில் அரசர், வீரர் ஆகியோரின் கதையைக் குறித்தது. அச்சொல்லை ஓர் எழுத்தர் தம் பெயரோடு இணைத்துக்கொண்டது துணிச்சலான செயல். ஆயினும் நூலினுள் அவர் தம்மை வீரராகக் காட்ட முற்படவில்லை.

கண்டதன் வலிமை

நூலின் சிறந்த பகுதிகள் எவை என நோக்கினால், அவை யாவும் ஆசிரியர் அருகிலிருந்து கண்டவையாகவே அமைகின்றன. 1807ஆம் ஆண்டளவில் மலாக்காக் கோட்டை இடிக்கப்பட்டது. அப்போது அப்துல்லாவுக்கு ஏறத்தாழப் பத்து வயது. கோட்டைக் கற்களில் தீய ஆவிகள் உறைவதாக அஞ்சிய கூலியாட்கள், கல்லைப் பெயர்க்க முடியாமல் தவித்த நாட்கள், இறுதியில் வெடிமருந்து வைத்துத் தகர்த்த பொழுதில் யானையளவு கற்கள் வானில் எழுந்து கடலில் வீழ்ந்த காட்சி ஆகியவற்றை அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறார். அதன்பின்னரே கோட்டையற்ற நகரைக் கணவனை இழந்த பெண்ணுக்கு ஒப்பிடுகிறார். நிகழ்ச்சி முன்னும் உணர்ச்சி பின்னுமாக அமைந்த இவ்வைப்புமுறையால் அவ்வுவமை வெற்று அணியாக நின்றுவிடவில்லை.

சமயக் கல்விக்கூடத்தில் மாணவருக்கு வழங்கப்பட்ட தண்டனைகளைப் பற்றிய பகுதியும் இத்தகையதே. விரல்களைப் பிரம்புகளுக்கிடையே வைத்து நெரித்தல், கால்களைக் கட்டி உள்ளங்காலில் அடித்தல், சங்கிலியால் பிணித்தல் எனத் தண்டனைகளை வகைப்படுத்தி, கருவிகளின் அமைப்பையும் எந்தத் தவற்றுக்கு எத்தண்டனை என்பதையும் அவர் விளக்குகிறார். 'எங்கள் ஆசிரியர் கடுமையானவர்' என்று ஒரு வரியில் முடித்திருந்தால் அது இன்று எவருக்கும் பயன்பட்டிராது. கருவியை விளக்கியமையால் அஃது 1800களின் தொடக்க ஆண்டுகளுக்குரிய கல்வி வரலாற்றின் சான்றாயிற்று.

இராஃபிள்ஸ் பற்றிய சித்திரத்திலும் அம்முறையே தொடர்கிறது. 1810, 1811ஆம் ஆண்டுகளில் மலாக்காவில் தங்கியிருந்த அவர், இலை, பூ ஆகியவற்றைத் தேட ஒருவர், புழு பூச்சிகளைத் திரட்ட ஒருவர், சங்கு பவளம் சேர்க்க ஒருவர், விலங்கு பறவைகளைப் பிடிக்க ஒருவர் எனச் சம்பளத்துக்கு ஆளமர்த்தியிருந்தார். இதனைச் சொல்வதன்வழி இராஃபிள்சின் அறிவு வேட்கையையும் ஆட்சியாளரின் கைப்பற்றும் இயல்பையும் ஒருங்கே நாம் காண்கிறோம். இரண்டாவதை அப்துல்லா எண்ணியிருக்க மாட்டார். ஆயினும் நாம் எண்ணுவதற்கு வேண்டிய செய்தியை அவர் தந்துவிட்டார்.

நூலின் மதிப்பு குறித்த நீண்ட வாதத்திற்கும் இதுவே விடையாகிறது. அப்துல்லா ஆங்கிலேயரை மிகையாகப் புகழ்ந்தார், மலாய் ஆட்சியாளரை மிகையாகக் கடிந்தார் என்ற குற்றச்சாட்டு பழமையானது, பெரிதும் நியாயமானதும்கூட. அவருடைய மலாய்நடை மரபிலிருந்து வழுவியது எனக் குறைகண்டோரும் உளர். எனினும் அவருடைய முடிவுகளை மறுப்பதற்கு வேண்டிய சான்றுகளையே அவர் நூலிலிருந்து எடுக்க முடிகிறது. கருத்தை மட்டும் எழுதியவரின் நூல், அக்கருத்து வலுவிழந்ததும் தானும் வலுவிழக்கும். கண்டதை எழுதியவரின் நூலோ ஆசிரியரின் சார்புகளைக் கடந்தும் பயன்தருகிறது.

கேட்டதன் தளர்ச்சி

நூலின் தளர்ந்த பகுதிகளும் நமக்குப் பாடமாகின்றன. 1819இல் இராஃபிள்ஸ் சிங்கப்பூரில் இறங்கிய நிகழ்ச்சியை அப்துல்லா நேரில் கண்டவரல்லர். அவர் அங்குச் சென்றது அதன் பின்னரே. அந்நிகழ்ச்சியை அவர் பிறர்வாய்க் கேட்டே எழுதினார்; ஆதலால் வரலாற்றறிஞர் அப்பகுதியை முழுமையாக ஏற்பதில்லை. நிகழ்ச்சிகளின் வரிசையிலும் ஆண்டுகளிலும் அவர் தடுமாறும் இடங்கள் பல.

கேட்டதை எழுதலாகாது என்பது இதன் பொருளன்று. தம் பிறப்பைப் பற்றி எழுதும்போது அப்துல்லா கேட்டதையே எழுத நேர்கிறது. தமக்கு முன் பிறந்த குழந்தைகள் நால்வர் இறந்தமை, தாயின் அழுகை, நோயுற்ற சிசுவாகிய தமக்குப் பெண்கள் பலர் பாலூட்டியமை ஆகியவற்றை வேறெவ்வாறு அறிய முடியும்? இங்கே சொன்னவர் யார், அவர் எவ்வாறு அறிந்தார் என்பது வாசகருக்கு ஐயமின்றி விளங்குகிறது. தாய் சொன்ன செய்தி தாயின் வாய்மொழியாகவே நிற்கிறது. சிங்கப்பூர்ப் பகுதியில் அவ்வாறன்றிக் கேட்டதும் கண்டதும் ஒரே குரலில் கலந்துவிடுகின்றன. தளர்ச்சி அங்கிருந்தே தொடங்குகிறது. எனவே நினைவெழுத்தின் நேர்மை, எதனை எவ்வாறு அறிந்தோம் என்று சொல்வதில் பெரிதும் அடங்கியுள்ளது எனலாம்.

கற்பவரின் கதை

அப்துல்லா புகழ்ச்சியைத் தவிர்த்த வழி யாது? தம்மை எப்போதும் கற்பவராக வைத்துக்கொண்டதே அவ்வழி. எழுத்துப் பயிற்சியில் தந்தையின் கண்டிப்பு, தமிழ்ப் பாடம், சிப்பாய்களிடம் பெற்ற மொழியறிவு, தந்தை இசையாத நிலையில் தொடங்கிய ஆங்கிலக் கல்வி என நூலின் முதற்பகுதி முழுவதும் கல்வியே. தந்தை வீட்டில் இல்லாத வேளையில் வந்த கப்பல் தலைவர் ஒருவருக்குச் சிறுவனான தாம் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்த நிகழ்ச்சியை அவர் சொல்லுமிடம் இதற்குச் சான்று. அதில் பெருமிதம் உண்டு. எனினும் அப்பெருமிதம் முதல் வேலையை முடித்த தொழில் பயில்வோனின் பெருமிதம். நன்னூல் விலக்கிய தற்புகழ்ச்சி அங்கே இடம்பெறவில்லை.

தமிழில் இதற்கு இணையாக நாம் அறிந்தது உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்'. 1940இல் ஆனந்த விகடனில் தொடங்கிய அத்தொடர், 1942இல் ஆசிரியர் மறைந்தபோது முற்றுப்பெறாமல் நின்றது, 1950இல் நூலாயிற்று. ஏடு தேடிய பேரறிஞரின் வாழ்க்கை வரலாறாகிய அந்நூலில் நம் நெஞ்சில் நிற்பவர் பெரும்பாலும் மாணவரான சாமிநாதனும் அவருடைய ஆசிரியர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையுமே. இருவேறு மொழியில், நூறாண்டு இடைவெளியில், ஒருவரையொருவர் அறியாத இருவரும் ஒரே வழியைக் கண்டடைந்துள்ளனர். கற்பவர் தம் அறியாமையை ஒப்புக்கொண்டவர். ஆதலால் அவர் 'நான்' என்று சொல்லும்போது வாசகர் அதனைச் செருக்காகக் கொள்வதில்லை.

இவ்விருவருக்கும் முன்னரே புதுச்சேரியில் ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதிவந்தார். எந்நாளில், எவ்வேளையில், எவர் சொல்லக் கேட்டது என்று குறிக்கும் வழக்கம் அவரிடம் இருந்தது. ஆகவே சான்றுரைக்கும் எழுத்து தமிழுக்குப் புதிதன்று. அது பாடநூலில் இடம்பெற்ற அளவுக்கு நம் பழக்கத்தில் இடம்பெறவில்லை என்பதே குறை.

ஜொகூரில் மகனும் பின்வந்தோரும்

அப்துல்லாவின் மகன் முகமது இப்ராகிம் முன்சி ஜொகூர் அரசின் பணியில் சேர்ந்து, டத்தோ பெந்தாரா டாலாம் என்னும் உயர்பதவியை அடைந்தார். அபூபக்கர் மகாராஜாவாக ஆண்ட காலத்தில், 1871, 1872ஆம் ஆண்டுகளில் மேற்கொண்ட பயணங்களை அவர் எழுதிவைத்தார். அவர் 1904இல் மறைந்த பின்னரே அக்குறிப்புகள் அச்சேறின. பயணத்தை எழுதிப் பழகும் வழக்கம் தந்தையிடமிருந்து மகனுக்கு வந்து ஜொகூரில் நிலைபெற்றதை இதனால் அறிகிறோம். தந்தை பதவி எதுவும் இன்றி எழுதியவர். மகன் அரசு அலுவலராக எழுதியவர். எழுதுவோரின் நிலை மாறும்போது சொல்லக்கூடியதன் எல்லையும் மாறுகிறது என்பதைப் பயில விரும்பும் மாணவருக்கு இவ்விரு நூல்களையும் அருகருகே வைத்துக் காட்டலாம்.

அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜொகூருக்கு வந்த தமிழரின் நிலை வேறு. 1909இல் ஜொகூரை ஊடறுத்து இரயில்பாதை நிறைவுற்றது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகின. சிகாமாட், லாபிஸ், குளுவாங், கூலாய் எனப் பல வட்டாரங்களில் தமிழர் குடியேறினர். 1938இல் இந்திய அரசு மலாயாவுக்கான தொழிலாளர் குடியேற்றத்தைத் தடைசெய்யும் வரை இவ்வருகை ஏற்றவிறக்கங்களுடன் தொடர்ந்தது. இம்மக்களின் வாழ்வு முதலாளிகளின் கணக்கேடுகளிலும் அரசின் ஆண்டறிக்கைகளிலும் எண்களாகப் பதிவாயிற்று. அவர்தம் சொல்லிலேயே பதிவான பகுதி மிகச் சிறிது. பகல் முழுதும் உழைத்து, எழுத்தறிவு பெறும் வாய்ப்பும் குறைந்திருந்த தலைமுறையினரிடம் தன்வரலாற்றை எதிர்பார்ப்பது முறையாகாது. அவர்கள் பாடினர், கதை சொன்னர், ஒப்பாரி வைத்தனர். எழுதும் கடமை அவர்தம் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் உரியதாயிற்று.

புதினம் ஏந்திய நினைவு

அக்கடமையை மலேசியத் தமிழர் பெரும்பாலும் புனைகதையின்வழியே நிறைவேற்றியுள்ளனர். இதற்குச் சயாம் மரண இரயில்பாதையே தக்க எடுத்துக்காட்டு. 1942 அக்டோபர் முதல் 1943 அக்டோபர் வரை, ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்கு ஜப்பானியர் அமைத்த அப்பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் மாண்டனர். அந்நினைவை ஏந்திநிற்பவை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' போன்ற புதினங்கள். அவற்றின் அருமையை எவரும் மறுக்க இயலாது. ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்க்கைதிகள் நாட்குறிப்புகளும் நினைவுநூல்களும் எழுதி உலகுக்குத் தம் துயரைச் சொன்னபோது, தமிழ்த் தொழிலாளரின் துயரைச் சொல்ல முன்வந்தவை இப்புதினங்களே.

எனினும் புதினம் செய்யவியலாத ஒன்று உண்டு. புதினத்தில் வரும் மரணத்தைப் படித்து நாம் கலங்குகிறோம்; அது நிகழ்ந்தது என்பதற்கு அதனைச் சான்றாகக் காட்ட முடியாது. இன்ன தோட்டத்திலிருந்து, இன்ன மாதத்தில், இத்தனை பேர் ஏறிய வண்டியில் என் அண்ணன் சென்றார், திரும்பவில்லை என்று ஒருவர் தம் பெயரில் எழுதினால் அதன் நிலையே வேறு. போர்க்கைதிகளின் துயர் ஆவணமாகவும் தமிழரின் துயர் கதையாகவும் உலகுக்குத் தோன்றியதற்கு எண்ணிக்கையோ வேதனையின் அளவோ காரணமன்று. எழுத்து வகையும் ஒரு காரணம். இலக்கிய வகைமை பற்றிய வாதம் வெறும் வகுப்பறை வாதமன்று என்பதை இவ்வேறுபாடு உணர்த்தும்.

புனைகதைக்கு அடுத்து நம் நினைவு தங்கும் இடம் சிறப்பு மலர்கள். கோயில் திருக்குட முழுக்கு, பள்ளி ஆண்டு நிறைவு, சங்கப் பொன்விழா ஆகியவற்றையொட்டி வெளிவரும் மலர்களில் நிழற்படங்களும் பெயர்ப்பட்டியல்களும் ஆண்டுகளும் கிடைக்கின்றன. அவை பேணத்தக்கவை. ஆனால் அவற்றின் மொழி வாழ்த்துமொழி. தலைவர் அயராது உழைத்தார், ஆசிரியர் அரும்பணி ஆற்றினார், மக்கள் மனமுவந்து நன்கொடை வழங்கினர். யார் மறுத்தார், எது முடங்கியது, பள்ளிக்கு நிலம் கிடைக்காமற்போன ஆண்டில் பிள்ளைகள் எங்கே அமர்ந்து படித்தனர் என்பவற்றுக்கு வாழ்த்துமொழியில் இடமில்லை. நன்னூல் தன்புகழ்ச்சியை விலக்கியது. நாமோ அதனை ஒருவர்க்கொருவர் வழங்கிக்கொள்ளும் புகழ்ச்சியாக மாற்றிக்கொண்டோம்.

வகுப்பறைக்குச் சில முறைகள்

இக்குறையைக் களையும் ஆற்றல் உடையோர் ஜொகூரின் தமிழாசிரியர்களே என்பது என் துணிபு. கட்டுரைப் பயிற்சியில் 'நான் விரும்பும் பெரியவர்' போன்ற தலைப்புகள் என்றும் உண்டு. அவற்றையே நினைவெழுத்தின் பயிற்சிக்களமாக ஆக்கலாம். அப்துல்லாவின் நூலிலிருந்து பெறத்தக்க முறைகள் நான்கு.

முதலாவது, வேலையிலிருந்து தொடங்குதல். எடுத்துக்காட்டுக்காக நானே அமைத்த இரு பகுதிகளைக் காண்க. 'என் பாட்டி பெருந்துன்பங்களைத் தாங்கிக் கடுமையாக உழைத்துக் குடும்பத்தை உயர்த்தினார்' என்பது ஒன்று. 'வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆகவே பாட்டி இருட்டிலேயே பெரட்டுக்குப் போவார். மரத்தில் காய்ந்திருக்கும் ஒட்டுப்பாலை உரித்துப் பைக்குள் போட்ட பிறகே உளியை வைப்பார். மழை பெய்த நாளில் வெட்டு இல்லை, சம்பளமும் இல்லை' என்பது மற்றொன்று. முதற்பகுதி எவருடைய பாட்டிக்கும் பொருந்தும். இரண்டாம் பகுதியில் துன்பம் என்ற சொல்லே இல்லை. ஆயினும் துன்பம் விளங்குகிறது, தொழிலும் விளங்குகிறது.

இரண்டாவது, கண்டதையும் கேட்டதையும் பிரித்தெழுதுதல். மாணவர் தாம் கண்டதை ஒரு பத்தியிலும், பாட்டி சொன்னதை மற்றொரு பத்தியிலும், பாட்டி தம் தாயிடம் கேட்டதை மூன்றாம் பத்தியிலும் எழுதப் பழகவேண்டும். தமிழ் இதற்கு ஏற்ற மொழி. 'வந்தாராம்', 'என்று சொல்வார்கள்', 'கண்டேன்' ஆகிய வடிவங்கள் அறிந்த வழியை வினையிலேயே புலப்படுத்துகின்றன. இலக்கண வகுப்பில் இவற்றை வெறும் வடிவங்களாகக் கற்பிப்பதினும், சான்றின் தரத்தைக் காட்டும் கருவிகளாகக் கற்பித்தல் நன்று.

மூன்றாவது, அக்காலச் சொற்களைப் பேணுதல். பெரட்டு, நிரை, லயம், கிராணி, தண்டல், ஆயாக்கொட்டகை, கட்டிப்பால் ஆகிய சொற்களைத் தூய்மை கருதி நீக்கிவிட்டால், அவற்றோடு தோட்டத்து வாழ்வின் அமைப்பும் நீங்கிவிடும். 'பெரட்டு' என்பதை 'காலைக் கூட்டம்' என்று மாற்றி எழுதும்போது, பெயர் கூப்பிட்டு வேலை பிரித்துக் கொடுத்த அதிகாரம் மறைந்து, ஏதோ விரும்பிக் கூடிய கூட்டம் போன்ற தோற்றம் எழுகிறது. நல்ல தமிழ் எழுதுக. ஆனால் நினைவில் உள்ள சொல்லை அதற்குரிய இடத்தில் விட்டுவைக்க. தேவையெனில் அடுத்த தொடரில் விளக்குக.

நான்காவது, தம் பிழைக்கும் அறியாமைக்கும் இடமளித்தல். தோட்டத்திலிருந்து வந்தவர் என்பதை நகரப் பள்ளியில் மறைத்தமை, பாட்டியின் பேச்சைக் கேட்டு நாணியமை போன்றவற்றை எழுதுவதற்குத் துணிவு வேண்டும். மாணவர் அத்துணிவைப் பெறுவதற்கு ஆசிரியர் முதலில் தம் பக்கமொன்றை எழுதி வகுப்பில் படித்துக்காட்டுதல் வேண்டும். உயிரோடிருப்போரின் பெயரையும் குடும்பத்தின் மறைபொருளையும் எழுதும்முன் உரியவரின் இசைவைப் பெறும் நாகரிகத்தையும் அப்போதே கற்பித்தல் இன்றியமையாதது. சான்றுரைப்பது பிறரை அம்பலப்படுத்துவதற்கு உரிமை ஆகாது.

இம்முறைகளுக்கு எதிராக ஒரு வாதம் எழக்கூடும். எல்லாரும் தம் வாழ்க்கையை எழுதினால் இலக்கியத் தரம் என்னாவது என்பதே அது. இவ்வையம் நியாயமானதே. எழுதப்படும் நினைவுகளில் பெரும்பாலானவை இலக்கியமாகா. ஆயினும் அப்துல்லாவும் இலக்கியம் படைக்கும் நோக்குடன் தொடங்கியவராகத் தெரியவில்லை. கிளந்தான் பயணத்தைக் குறித்துவைத்த கையே பின்னர் மலாய் உரைநடையின் போக்கை மாற்றிய நூலை எழுதியது. குறிப்பெழுதுவோர் பலர் இருந்தால்தான் அவர்களுள் ஒருவரேனும் இலக்கியம் படைப்பார். எஞ்சியோரின் குறிப்புகள் வரலாற்றுக்குப் பயன்படும்.

முடிவுரை

மலாக்காக் கோட்டை தகர்ந்ததைப் பத்து வயதில் கண்டவர், முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழிந்தபின் அதனை எழுதினார். அவ்விடைவெளியை அவருடைய நினைவு தாங்கியது. ஜொகூரில் அத்தகைய இடைவெளி ஏற்கெனவே கடந்துவிட்டது. ஜப்பானியப் படை ஜொகூர் பாருவை அடைந்து பாலம் தகர்க்கப்பட்ட 1942 சனவரியில் பத்து வயதாயிருந்தவர்கள் இன்று தொண்ணூறைக் கடந்தவர்கள். அவர்களிடம் கேட்பதற்குக் காலம் மிகக் குறைவாகவே உள்ளது. தோட்டத் துண்டாடலையும், ரப்பர் மரங்கள் வீழ்த்தப்பட்டுச் செம்பனை நடப்பட்டதையும், லயங்கள் காலியானதையும் கண்டவர்கள் முதுமையில் உள்ளனர். அவர்களுள் பலர் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள். நம் முன்னாள் மாணவர்களும் சக ஆசிரியர்களும் அவர்களில் அடங்குவர். அவர்களை எழுதவிடாமல் தடுப்பது பெரும்பாலும் நாணமே. 'என் வாழ்க்கையில் எழுத என்ன இருக்கிறது' என்னும் அவ்வினாவுக்கு அப்துல்லாவின் நூல் விடை தருகிறது. அரசரின் கதையே கதையென்றிருந்த மொழியில், தண்டனைப் பிரம்பையும் கடன்பத்திரத்தையும் எழுதியவர் அவர்.

ஆகவே இவ்விதழைப் படிக்கும் ஆசிரியர்கள் ஒவ்வொருவரும் இவ்வாண்டில் ஒரு முதியவரிடமாவது ஒரு வேலை நாளைப் பற்றிக் கேட்டெழுதுவதும், தாம் கண்ட ஒரு நாளைத் தம் பெயரில் எழுதுவதும் செய்யத்தக்கவை. முதலில் ஒரு நாள் போதும். அப்துல்லாவும் ஒரு பயணத்திலிருந்தே தொடங்கினார்.